சோபா ஸ்பிரிங் மாப்பிள்ளை

அவளுக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் மருத்துவமனை அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி பெரிய டாக்டரிலிருந்து வாசல் காவலாளி வரைக்கும் எல்லோருக்கும் அவள் அமுக்கு அக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட வாய் கூசாமல் அக்கா என்று கூப்பிட்டார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு, ஆனால் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் இருந்ததில்லை.

நர்ஸ் வேலையோடு அவளுக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. இதயம் நின்று விழுந்தவரின் நெஞ்சை அமுக்கி, ரத்தத்தை மூளைக்கு ஓட்டி, உயிரைப் பிடித்து நிறுத்துகிற சி.பி.ஆர். முறையை அங்கே வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் சொல்லிக் கொடுப்பது. டாக்டரானாலும் சரி, நர்ஸானாலும் சரி, எக்ஸ்ரே எடுப்பவரானாலும் சரி, அவள் முன்னால் மண்டி போட்டு அமுக்கிக் காட்டினால்தான் சான்றிதழ். மருத்துவமனையில் பெரிய டாக்டரை மண்டி போட வைத்த ஒரே ஆள் அவள்தான் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

வகுப்பு நடந்த இடம் கீழ்த்தளத்தில் சலவை அறைக்குப் பக்கத்து அறை. சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய இயந்திரங்கள் போர்வைகளைப் புரட்டும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். அந்த அறையின் அலமாரியில்தான் மாப்பிள்ளை படுத்திருந்தான். மாப்பிள்ளை என்றால் பயிற்சிப் பொம்மை. தலையும் மார்பும் வயிறும் மட்டும் உண்டு. "கால் கிடையாது, ஓடிப்போக முடியாது. வாய் திறந்தே இருக்கு, ஆனா பேச்சு வராது. மாப்பிள்ளைக்கு வேறென்ன லட்சணம் வேணும்?" என்று சலிப்பு சிஸ்டர் சொன்ன நாளிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

சலிப்பு சிஸ்டர் அமுக்கு அக்காவோடு படித்தவள், கூடவே வேலைக்குச் சேர்ந்தவள். உட்கார்ந்தால் ஒரு பெருமூச்சு, எழுந்தால் ஒரு பெருமூச்சு. வகுப்பு என்று சொன்னாலே "ஆரம்பிச்சுட்டாடி அம்மா" என்று தலையில் கை வைத்துக்கொள்வாள். அப்படி வைத்துக்கொண்டே முதல் ஆளாக வந்தும் விடுவாள்.

வகுப்பில் அக்காவைப் பார்க்க வேண்டும். மற்ற நேரம் அதிர்ந்து பேசாதவள், மாப்பிள்ளையைத் தரையில் கிடத்திவிட்டால் போதும், வேறு ஆளாகிவிடுவாள். "தோள் நேரா கைக்கு மேல வரட்டும்! முழங்கை மடங்கக் கூடாது! அமுக்கினா மட்டும் போதாது, மேல வரும்போது முழுசா விடணும், அப்பத்தான் நெஞ்சுக்குள்ள ரத்தம் திரும்பி வரும்!" யாராவது பயந்து பயந்து தொட்டால் வந்தது வினை. "என்ன தடவிக் குடுக்கறீங்க? படுத்திருக்கறது உங்க புருஷனா? அமுக்குங்க!" வருஷா வருஷம் அதே வசனம்தான். வருஷா வருஷம் எல்லோரும் சிரித்தார்கள்.

பெரியவர்களுக்குக் குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஆழம் போக வேண்டும். போனால் மாப்பிள்ளையின் மார்புக்குள்ளிருந்து டிக் என்று ஒரு சத்தம் வரும். அந்த டிக்தான் அங்கே தீர்ப்பு. டிக் வந்தால் தேர்ச்சி, வராவிட்டால் இன்னொரு முறை மண்டி.

அக்காவின் கணவர் சோபா பழுது பார்ப்பவர். அவரை எல்லோரும் சோபாக்காரர் என்றார்கள். தினமும் அவள் வேலை முடிகிற நேரத்துக்கு வந்து, மருந்துக் கவுன்டருக்கு எதிரில் இருக்கிற நீள பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். சும்மா உட்காரத் தெரியாது அந்த மனுஷனுக்கு. மெத்தையை விரலால் அழுத்திப் பார்த்து, "உள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் பலகைதான். நோயாளிங்க உக்கார்ற இடமா இது?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் நியாயம் கேட்பார். கடைசியில் பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அந்த பெஞ்சுக்குத் தானே மெத்தை போட்டுக் கொடுத்தார். யார் எங்கே எப்படி உட்கார்ந்தாலும் வலிக்கக் கூடாது என்பதுதான் அவருடைய வாழ்க்கையின் மொத்தக் கவலை.

சில வருஷங்களுக்கு முன்னால் மாப்பிள்ளையின் மார்பு ஸ்பிரிங் உடைந்துபோனது. புது ஸ்பிரிங் வர மாதக்கணக்கில் ஆகும் என்று அலுவலகத்தில் கையை விரித்துவிட்டார்கள். அக்கா என்ன செய்தாள்? மாப்பிள்ளையைப் போர்வையில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய, மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வீட்டுக்குக் கொண்டு போனாள். பக்கத்து இருக்கைக்காரர் வாயைத் திறந்துகொண்டிருந்த அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, தன் நிறுத்தம் வருவதற்கு முன்பே இறங்கிப் போய்விட்டார்.

சோபாக்காரர் மாப்பிள்ளையை மேசையில் கிடத்தி, மார்பைத் திறந்து, ஒரே சாயங்காலத்தில் வேறு ஸ்பிரிங் போட்டுக் கொடுத்தார். அக்கா அமுக்கிப் பார்த்தாள். டிக் என்றது. அவளுக்கு உச்சி குளிர்ந்தது. "உங்க கை ராசி யாருக்கு வரும்!" என்றாள். அவரும் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். அதற்குப் பிறகு வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தால் அவளுக்கு மணிக்கட்டு வலி வருவது நின்றுபோனது. கைக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது என்று அவளே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, ஒரு கம்பெனிக்காரர் புது மாதிரிப் பொம்மை ஒன்றைக் கொண்டுவந்தார். கொஞ்ச நாள் வைத்துப் பாருங்கள், பிடித்தால் வாங்குங்கள் என்றார். அதன் தோளில் விளக்கு இருந்தது. ஆழம் போதாவிட்டால் சிவப்பு, சரியாகப் போனால் பச்சை.

அன்றைக்கு வகுப்பு நிரம்பியிருந்தது. அக்கா சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டி போட்டாள். தோள் நேர், முழங்கை நேர், எல்லாம் படம் வரைந்தது மாதிரி. அமுக்கினாள். சிவப்பு. இன்னும் நாலு தடவை அமுக்கினாள். சிவப்பேதான்.

"பேட்டரி போயிருக்கும்" என்று கம்பெனிக்காரர் சமாளித்தார். அடுத்து ஒரு டாக்டர் அமுக்கினார், சிவப்பு. சலிப்பு சிஸ்டர் அமுக்கினாள், சிவப்பு. ஒவ்வொருவராக வந்தார்கள், விளக்கு அசைந்து கொடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, பக்கத்து அறைச் சலவைக்காரர் ஒரு கூடைப் போர்வையோடு எட்டிப் பார்த்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், அக்காவின் வகுப்புக்கு ஒருநாளும் வராதவர். "நீங்களும் ஒரு அமுக்கு அமுக்குங்க" என்று யாரோ கிண்டலுக்கு இழுத்துவிட்டார்கள். அவர் ஈரத் துணியைப் பிழிகிற வேகத்தில் ஒரு அமுக்கு அமுக்கினார். பச்சை!

எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவின் முகம் மட்டும் சுண்டிப்போனது. என்னிடம் படித்தவர்கள் அத்தனை பேருக்கும் சிவப்பு, படிக்காத ஒருவருக்குப் பச்சை என்றால் என்ன அர்த்தம்? எல்லோரும் போன பிறகு அவள் மாப்பிள்ளையை அலமாரியிலிருந்து எடுத்து ஒற்றைக் கையால் அமுக்கினாள். டிக் என்றது. ஆழம் சரியாகத்தான் போகிறது. ஆனால் அந்த ஆழத்துக்குப் போக இவ்வளவு சின்ன பலம் போதுமா? மனுஷ நெஞ்சு இப்படியா இருக்கும்? மாப்பிள்ளையை அலமாரியில் வைத்துவிட்டு உடனே கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னங்க, மாப்பிள்ளைக்கு என்ன ஸ்பிரிங் போட்டீங்க?"

"எந்த மாப்பிள்ளைக்கு?"

"நமக்கு எத்தனை மாப்பிள்ளை இருக்காங்க? பொம்மைக்குத்தான்!"

"ஓ, அதுவா?" சோபாக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷமாக யாரும் கேட்கவில்லையே என்று காத்திருந்த மாதிரி சொன்னார். "முதுகு சாயற பக்கம் வைக்கற ஸ்பிரிங். உக்கார்ற பக்கத்துக்கு வைக்கறது முரடா இருக்கும். அதுக்குள்ள இருந்த பழசும் சரியான முரடு. நீ தினம் மணிக்கட்டுல தைலம் தேய்ச்சுக்கிட்டு உக்காந்திருப்பே, எனக்குப் பாக்க சகிக்கல. அதான் மெதுவானதா தேடிப் போட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேணாம்னு சொல்லிடுவே இல்ல?"

இந்த மனுஷனை என்ன செய்வது? அடிக்கவும் முடியாது, கட்டிக்கொள்ளவும் முடியாது. அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். "எனக்கு வலிக்கக் கூடாதுன்னு நினைச்சு என்ன காரியம் பண்ணிட்டீங்க? இத்தனை பேருக்கும் பலமில்லாம அமுக்கக் கத்துக் குடுத்திருக்கேனே!"

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டார். "அப்ப, நிஜமா விழுந்தவங்க..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். காப்பாற்ற முடியாமல் போனவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. இதயம் நின்றவர்களில் பெரும்பாலோரை எப்படி அமுக்கினாலும் திரும்பக் கொண்டுவர முடியாது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன, மனசு கேட்க வேண்டுமே. அந்தக் கணக்கைத் தீர்த்துச் சொல்ல யாராலும் முடியாது. அவள் அதைச் சுமந்துகொண்டுதான் மறுநாள் வேலைக்குப் போனாள்.

பெரிய டாக்டர் நல்ல மனிதர். முழுதாகக் கேட்டார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பதறாதீங்கம்மா. அடுத்த வருஷம் எல்லாருக்கும் புதுப்பிக்கற வகுப்பு வருது இல்ல? அப்ப சத்தமில்லாம சரி பண்ணிக்கலாம்."

"அதுவரைக்கும் யாரும் விழாம இருப்பாங்களா சார்?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "வெளிய தெரிஞ்சா சொல்லிக் குடுக்கற பொறுப்பையே உங்ககிட்ட இருந்து எடுத்துடுவாங்க. யோசிச்சீங்களா?"

அதை யோசிக்காமலா இருப்பாள்? அந்த வகுப்பு இல்லாவிட்டால் அவள் யார்? அமுக்கு அக்கா என்ற பெயரே இருக்காது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "எடுக்கட்டும் சார். முதல்ல எல்லாரையும் ஒரு தடவை திரும்ப அமுக்க வச்சுடறேன்."

"சரி. அந்த ஸ்பிரிங் கதையையும் சொல்லித்தான் ஆகணுமா?"

"காரணம் சொல்லாம கூப்பிட்டா ஒரு ஆள் வர மாட்டாங்க. இவங்களை எனக்குத் தெரியாதா?"

அப்படியே சொன்னாள். காலை வேலை மாறுகிற நேரத்தில், எல்லோரும் கூடியிருந்த இடத்தில், எல்லோர் கண்ணையும் நேராகப் பார்த்துச் சொன்னாள். நான் சொல்லிக் கொடுத்த பலம் போதாது, பொம்மைக்குள் இருந்தது சோபா ஸ்பிரிங், நான் சத்தத்தை நம்பிவிட்டேன், தப்பு என்மேல், எல்லோரும் மறுபடி வர வேண்டும். பிறகு சலிப்பு சிஸ்டர் ஒரு பெருமூச்சு விட்டாள். "அப்ப இவ்வளவு நாளா நாம உசிரைக் காப்பாத்தல, சோபாவுல உக்கார இடம் பாத்திருக்கோம்." கூட்டம் வெடித்துச் சிரித்தது. சிரித்து முடித்ததும் அவளே முதல் ஆளாக அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "வாடி, எங்க மண்டி போடணும், சொல்லு."

சோபாக்காரர் ஒரு பை நிறைய ஸ்பிரிங்குகளோடு வந்து சேர்ந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. புதுப் பொம்மையின் பக்கத்தில் உட்கார்ந்து, பச்சை விளக்கு எரியும் வரை அமுக்கி, அந்த பலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, கண்ணை மூடியபடி ஒவ்வொரு ஸ்பிரிங்காக அழுத்திப் பார்த்தார். கடைசியில் அகப்பட்டது உக்கார்ற பக்கத்து ஸ்பிரிங்தான், அதிலும் இருப்பதிலேயே முரடானது. மாப்பிள்ளையின் மார்பை மூடும்போது, "இனிமே உன் கை வலிக்குமே" என்று முணுமுணுத்தார். "வலிக்கட்டும்" என்றாள் அவள். அப்போதுதான் அவர்மேல் இருந்த கோபம் அவளுக்குப் போனது.

அந்த வாரங்களில் கீழ்த்தளத்தில் ஒரே மூச்சிரைப்புதான். தொப்பலாக வியர்த்து, தலைமுடி கலைந்து, டாக்டர்களும் நர்ஸ்களும் சுவரில் சாய்ந்து நின்றார்கள். அக்கா விடவில்லை. "வீரம் காட்டாதீங்க! ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாறுங்க. களைச்சா ஆழம் குறையும், குறையறது அமுக்கறவங்களுக்குத் தெரியாது. கூட நிக்கறவங்க பாத்துக்கிட்டே இருக்கணும். குறைஞ்சா சொல்லுங்க. சொல்லியும் கேக்கலைன்னா, அவங்க யாரா இருந்தாலும் சரி, தள்ளிவிட்டுட்டு நீங்க அமுக்குங்க!"

"எலும்பு உடையற சத்தம் கேட்டா?" என்று ஒருவர் கேட்டார்.

"கேக்கட்டும். கை சரியான இடத்துல இருக்கான்னு மட்டும் பாத்துக்கிட்டு, தொடர்ந்து அமுக்குங்க. எலும்பு ஒட்டிக்கும். உசிரு ஒட்டாது."

பொறுப்பை அவளிடமிருந்து யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் வேறு யார் அதைச் செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை, அதுதான் உண்மை.

பிறகு ஒரு நாள், வேலை முடிகிற நேரம். அக்கா கைப்பையை மாட்டிக்கொண்டு படி இறங்கி வந்தாள். சோபாக்காரர் தான் மெத்தை போட்ட பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார், அப்படியே சரிந்து தரையில் விழுந்தார்.

ஓடினாள். தோளைத் தட்டினாள், "என்னங்க! என்னங்க!" என்று கத்தினாள். பதில் இல்லை. மூச்சு இல்லை. கழுத்தில் விரல் வைத்தாள், நாடி இல்லை. "ஷாக் பெட்டி கொண்டு வாங்க! ஆம்பு பை கொண்டு வாங்க!" என்று குரல் தானாகவே வந்தது. எல்லாம் வரிசையாக, வகுப்பில் சொல்வது போலவே நடந்தது. மண்டி போட்டாள். மார்பின் நடுவில் கை வைத்தாள். காலையில் அவள் தேய்த்துக் கொடுத்த சட்டை அது. அமுக்கினாள்.

உள்ளே ஏதோ நொறுக்கென்றது. அவருடைய எலும்பு. அவ்வளவுதான், அவள் கை தளர்ந்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை, அமுக்கிக்கொண்டேதான் இருந்தாள். தோள் நேர், முழங்கை நேர், வேகம் சரி. பலம் மட்டும் இல்லை. அவருக்கு வலிக்குமே என்று கை தானாகப் பின்வாங்கியது. அது அவளுக்குத் தெரியவே இல்லை.

சலிப்பு சிஸ்டர் ஷாக் பெட்டியோடு ஓடி வந்தாள். வந்தவள் ஒரு கணம் நின்று அக்காவின் கையைப் பார்த்தாள்.

"ஆழம் போதல!"

அக்காவுக்குக் காது கேட்கவில்லை.

"ஏய்! தடவாதடி! அமுக்கு!"

அதற்கும் அசையவில்லை. சலிப்பு சிஸ்டர் பெட்டியைப் பக்கத்து நர்ஸிடம் திணித்துவிட்டு, அக்காவின் தோளைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினாள். அக்கா பெஞ்சுக் காலில் போய் மோதி விழுந்தாள். சலிப்பு சிஸ்டர் தன் முழு உடம்பையும் கையில் இறக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. இன்னொரு எலும்பு போன சத்தம் கவுன்டர் வரைக்கும் கேட்டது. அவள் முகத்தில் ஒரு சலிப்பும் இல்லை. தலைமாட்டில் ஒருவர் ஆம்பு பையால் மூச்சுக் கொடுத்தார். இன்னொருவர் சட்டையைக் கிழித்து ஷாக் பட்டைகளை ஒட்டினார். விலகச் சொல்லிப் பெட்டியிலிருந்து குரல் வந்ததும் எல்லோரும் விலகினார்கள், ஷாக் போனது, உடனே மறுபடி அமுக்கினார்கள். ஆள் மாறினார்கள், அடுத்தவர் அமுக்கினார். ஒவ்வொருவர் கையும் ஐந்து சென்டிமீட்டர் இறங்கி ஏறியது. அக்கா தரையில் கிடந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அமுக்கும் தான் சொல்லிக் கொடுத்த மாதிரியே இருக்கிறது என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது.

இரண்டாவது ஷாக்குக்குப் பிறகு, "நாடி இருக்கு!" என்றார் எக்ஸ்ரேக்காரர். சலிப்பு சிஸ்டர் அப்படியே உட்கார்ந்து, வாழ்க்கையிலேயே பெரிய பெருமூச்சு ஒன்றை விட்டாள்.

இதயக் குழாயில் இருந்த அடைப்பை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். நாலைந்து நாள் கழித்து சோபாக்காரர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இருமினால் வலி, சிரித்தால் வலி. ஒரு தலையணையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். கட்டில் மெத்தையைப் பற்றி ஏற்கெனவே இரண்டு புகார் சொல்லியாகிவிட்டது.

"எந்தப் பாவி என் நெஞ்சு மேல ஏறி நின்னது?" என்றார், மருந்து கொண்டுவந்த சலிப்பு சிஸ்டரிடம்.

"நான்தாண்ணே. நீங்க சாயற பக்கமா, உக்கார்ற பக்கமான்னு தெரியல. எதுக்கும் இருக்கட்டும்னு முரடாவே அமுக்கிட்டேன்."

அவர் சிரித்தார், உடனே தலையணையைக் கட்டிக்கொண்டு "ஐயோ" என்றார். சலிப்பு சிஸ்டர் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அக்காவைத் தள்ளிவிட்டதைப் பற்றி அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இனியும் சொல்ல மாட்டாள்.

அவள் போனதும் சோபாக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏம்மா, நீயும் அங்கதான் இருந்தியாமே. அவளை விட்டுட்டு நீ அமுக்கியிருக்கக் கூடாதா? உன் கை பட்டிருந்தா இவ்வளவு வலிச்சிருக்காது."

அக்கா அவருடைய தலையணையைச் சரிசெய்தாள். அவர் மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாங்க" என்றாள். "அப்புறம் எப்பவுமே வலிச்சிருக்காது."